சர்வர் சற்றே விலகியிருந்தது

சர்வர் விழுந்தது என்று அந்த அலுவலகத்தில் யாரும் சொல்லக் கூடாது. சுற்றறிக்கை வந்துவிட்டது. 'சர்வர் சற்றே விலகியிருந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் 'செயலிழந்தது' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லுக்குள் இழப்பு ஒளிந்திருப்பதை இயக்குநரே கண்டுபிடித்து நீக்கினார். பிறகு கொஞ்ச காலம் 'உறங்கியது' ஓடியது. அலுவலகச் சொத்து ஒன்று வேலை நேரத்தில் உறங்குவதாகக் கோப்பில் ஏறினால், நாளைக்கு யாராவது மற்றவர்களையும் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று துணை இயக்குநர் அவர் காதில் போட்டார். அதுவும் போயிற்று.

அது நோயாளர் பதிவு இயக்ககம். ஊரில் உள்ள எல்லாப் பொது மருத்துவமனைகளிலும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் வரிசை, அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் சர்வருக்குள் இருந்தது. இடுப்பு மாற்றிக்கொள்ள வேண்டியவர், பித்தப்பையில் கல் உள்ளவர், கண்ணில் புரை விழுந்தவர் எல்லாரும் அதற்குள்தான் நின்றார்கள். சர்வர் விலகினால் அவர்களும் விலகுவார்கள்.

அதற்கும் ஒரு விதி உண்டு. மருத்துவமனை கவுண்டரில் பெயர் கொடுத்தவுடன் ஒருவர் வரிசையில் சேர்ந்துவிடுவதில்லை. மருத்துவர் ஒப்புதல் தரும்வரை அவர் பெயர் சர்வரின் மெமரியில் மட்டும், ஊசலாட்டமாக, தொங்கிக்கொண்டிருக்கும். ஒப்புதல் வந்த பிறகே நிரந்தரப் பதிவு. ஒப்புதல் பெறாதவர்கள் நிரந்தரப் பதிவில் இடத்தை அடைக்கக் கூடாது என்று எப்போதோ ஒரு குழு முடிவு செய்திருந்தது. சர்வர் விழுந்தால் மெமரி காலி. தொங்கிக்கொண்டிருந்தவர்கள் காற்றில் போனார்கள். மறுபடி கவுண்டர், மறுபடி பரிசோதனை, மறுபடி வரிசையின் வால்.

இந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளராக ஒரு பெண் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். அவளை எல்லாரும் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் புதுசுதான், ஏனென்றால் அவளுக்குப் பிறகு யாரையும் சேர்க்கவில்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் படித்தவர்கள் கூடிப் பேசினால் ஏதோ முடிவுக்கு வருவார்கள் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டு வேலையில் சேர்ந்தாள். பாவம்.

அவள் அம்மா சட்டைத் தொழிற்சாலையில் பிசிறு வெட்டுகிறவள். தைத்து முடித்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் குட்டிக் கத்தரியால் நறுக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் புரை முற்றிய பிறகு அம்மா நூலோடு சேர்த்துச் சட்டையையும் நறுக்க ஆரம்பித்தாள். மேற்பார்வைக்காரர் நல்ல மனுஷன். அம்மாவை மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார். மடிப்பு கோணலாகப் போனது. இந்தப் பருவம் முடிவதற்குள் கண்ணைச் சரிசெய்துகொண்டு வா, இல்லாவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அம்மா போய்ப் பெயர் கொடுத்தாள். சர்வர் விலகியது. மறுபடி கொடுத்தாள். மருத்துவர் ஒப்புதல் தரவிருந்த அதே காலையில் மறுபடி விலகியது.

"என் பேரு இல்லேங்கறாங்கடி," என்றாள் அம்மா, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற இடம் தடவிக்கொண்டே. "கவுண்டர்ல இருக்கற பொண்ணு சொல்லுது, எங்களுக்குத் தெரியாதும்மா, மெயின் ஆபீஸ்ல யாரோ புதுசாம், அவங்களத்தான் கேக்கணுமாம்."

"அது நான்தாம்மா."

"தெரியும். அதான் வந்து கேக்கறேன். ஏன் விழுது?"

"கண்டுபிடிச்சிட்டிருக்கோம்மா."

"எத்தன பேரு?"

"கமிட்டியே இருக்கு."

"அத்தன பேருக்கும் கண்ணு நல்லாத் தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கமிட்டி இருந்தது உண்மை. 'விலகல் ஆய்வுக் குழு' தினமும் காலையில் கூடியது. நீள மேசை. மேசையின் தலைமாட்டில் இயக்குநர், அவருக்கு வலப்பக்கம் துணை இயக்குநர், பிறகு பதவி இறங்க இறங்க நாற்காலியின் முதுகும் இறங்கும். கடைக்கோடியில் முதுகே இல்லாத முக்காலியில் புதுசு. எதிரில் குறிப்பு எடுக்கும் அம்மாள், எதற்கும் முகம் மாறாதவர்.

கூட்டம் தொடங்கும் சடங்கு ஒன்று உண்டு. இயக்குநர் வந்து அமர்ந்து தொண்டையைச் செருமியதும், எல்லாரும் அவரவர் லேப்டாப்பைத் திறந்து, ஒரே நேரத்தில் 'நிலைமைப் பலகை' என்ற பக்கத்தைத் தட்டுவார்கள். சர்வர் எப்படி இருக்கிறது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இயக்ககம் தொடங்கிய நாள் முதல் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று வட்டம் வட்டமாக, பச்சை, மஞ்சள், சிவப்பில் அது காட்டும். மூலையில் ஒரு கடிகாரம். ஒருவர் திரையை இன்னொருவர் எட்டிப் பார்க்கக் கூடாது. முன்பொரு காலத்தில் சுவரில் ஒரே திரைதான் இருந்ததாம். அதில் துணை இயக்குநருக்கு இயக்குநரின் தலை மறைத்தது. தலையை நகர்த்தச் சொல்லவும் முடியாது, மறைக்கிறது என்று எழுதித் தரவும் முடியாது. ஆகவே ஆளுக்கொரு பலகை.

அம்மா கேட்ட மறுநாள் கூட்டத்தில் காரணங்கள் அலசப்பட்டன.

"ஏசி வாட்டமா அடிக்குது சார். சர்வருக்கு நேரா அடிக்கக் கூடாது," என்றார் பராமரிப்பு அதிகாரி. "எனக்கே கழுத்து பிடிச்சிக்கிச்சு."

"அறையோட பெயின்ட் கலரு?" என்றார் தர அதிகாரி. "சும்மா ஒரு கேள்விதான். பதில் வேண்டாம். குறிப்புல மட்டும் ஏறட்டும்."

"மொதல்ல ஒண்ணு தெளிவாகணும்," என்றார் துணை இயக்குநர். "அது விலகும்போது நேர்ல பாத்த சாட்சி யாராவது உண்டா?"

யாரும் இல்லை. அதனால் சர்வருக்கு எதிரே நாற்காலி போட்டுக் காவலர் ஒருவர் உட்கார வைக்கப்பட்டார். மறுநாள் சர்வர் விலகியது. காவலர் எழுதிக்கொடுத்தார்: 'நான் கண் இமைக்காமல் பார்த்தேன். அது எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் இருந்தது.' இதை வைத்து, விலகல் என்ற ஒன்று நடக்கவே இல்லை என்று நிறுவ முடியுமா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. துணைக்குழுவினருக்கும் ஆளுக்கொரு பலகை தரப்பட்டது.

புதுசு தன் மேசையில் உட்கார்ந்து சர்வர் தானாக எழுதிவைக்கும் குறிப்பான லாக்கைப் படித்துக்கொண்டிருந்தாள். சர்வர் பொய் சொல்லாது, அது பதவி உயர்வு எதிர்பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான் எழுதியிருந்தது. மெமரி நிறைந்தது. இன்னும் கேட்டார்கள். கொடுக்க ஒன்றுமில்லை. இயங்குதளம் பார்த்தது, யார் அதிகம் தின்கிறார்கள் என்று தேடியது, டேட்டாபேஸின் கழுத்தைப் பிடித்து நெரித்தது. சரி, யார் அவ்வளவு கேட்டது? அதற்கும் அடுத்த வரியிலேயே பதில் இருந்தது. நிலைமைப் பலகை. இயக்ககம் பிறந்த நாள் முதல் பதிவான அத்தனை ஆட்களையும் எழுப்பி நிறுத்தித் தலை எண்ணச் சொல்லும் ஒரு கேள்வி. ஒருவர் கேட்டால் சர்வர் முனகும். நாலைந்து பேர் கேட்டால் திணறும். மேசை நிறைய ஆட்கள் ஒரே செருமலில் கேட்டால் செத்துப்போகும்.

அவ்வளவுதான். சர்வர் ஏன் விழுகிறது என்று கண்டுபிடிக்க இவர்கள் கூடுகிறார்கள். கூடியதும் பலகையைத் திறக்கிறார்கள். திறந்ததும் விழுகிறது. விழுந்ததும் குழுவில் ஆட்களைக் கூட்டுகிறார்கள். அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் விழுகிறது.

தினமும் ஏன் விழவில்லை என்பதற்கும் காரணம் கிடைத்தது. பாதிப் பேர் வராத நாட்களில் சர்வர் பிழைத்தது. இயக்குநர் விடுப்பு எடுத்த வாரம் அது தும்மக்கூட இல்லை. ஆக, அந்த இயக்ககத்தின் ஒரே பாதுகாப்பு ஏற்பாடு சோம்பேறித்தனம். மட்டம் போட்டவர்களெல்லாம் அறியாமலேயே யாரோ ஒருவருடைய இடுப்பெலும்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

புதுசு குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். காரணம் தெரிந்துவிட்டது, சொன்னால் முடிந்தது என்று நினைத்தாள். மறுநாள் கூட்டத்தில் முக்காலியிலிருந்து எழுந்து சொன்னாள். லாக்கைக் காட்டினாள். கூட்டம் நடந்த காலைகளையும் சர்வர் விழுந்த காலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கண் இல்லாதவருக்குக்கூடத் தெரியும்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதாவது என்ன சொல்ல வர்றேம்மா? நாங்க பாக்கறதால அது விழுதா?"

"ஆமா சார்."

"'விழுது' இல்ல," என்றார் துணை இயக்குநர்.

"நாங்க என்ன, கண்ணு போடறோமா?" என்றார் இயக்குநர்.

எல்லாரும் சிரித்தார்கள். எவ்வளவு நேரம் சிரிப்பது என்று இயக்குநரின் முகத்தைப் பார்த்து, அவர் நிறுத்தியதும் நிறுத்தினார்கள்.

"சார், ஒரே ஒரு வாரம் யாரும் பலகையத் திறக்காம இருந்து பாக்கலாம். விழலேன்னா காரணம் அதுதான்னு உறுதியாயிடும்."

"பாக்காம இருந்தா அது நல்லா இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா இருக்கும் சார்."

இயக்குநர் அவளைக் கனிவோடு பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நான் இந்த நாற்காலிக்கு வந்து இத்தன வருஷமாச்சு. அது நல்லா இருக்கறது முக்கியமில்லம்மா. நல்லா இருக்கா இல்லையான்னு நாம பாத்துக்கிட்டிருக்கோம்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரியணும். அதுதான் நிர்வாகம். சர்வர் ஓடுதுன்னு எந்தப் பேப்பர்காரன் போடுவான்? சர்வர் விலகிச்சு, உடனே குழு கூடிச்சுன்னாத்தான் போடுவான். நாளைக்கு ஒருத்தர் வந்து, உங்க டிபார்ட்மென்ட்ல பிரச்சினை வந்தப்ப என்ன பண்ணீங்கன்னு கேட்டா, 'பாக்காம இருந்தோம்'னா சொல்ல முடியும்?"

"அப்ப அந்தக் கேள்வியையாவது மாத்தி எழுதறேன் சார். தினமும் மொதல்லேர்ந்து எண்ணாம, நேத்து எண்ணினதோட இன்னிக்கு வந்தவங்கள மட்டும் சேத்துக்கற மாதிரி. ஒரு நாள் வேலை."

"அதுக்கு மாற்ற ஒப்புதல் குழு இருக்கே," என்றார் தர அதிகாரி.

"அத எப்ப கூட்டுவீங்க சார்?"

"சர்வர் தொடர்ந்து மூணு மாசம் விலகாம இருந்தா கூடும். நிலையில்லாத சமயத்துல மாற்றம் பண்ணக் கூடாதும்மா. அடிப்படைப் பாடம் இது. காலேஜ்ல சொல்லித் தரலியா?"

கல்லூரியில் சொல்லித் தரவில்லை. அங்கே பாவம், இன்னும் அவ்வளவு முன்னேறவில்லை.

அவள் உட்கார்ந்தாள். 'உறுப்பினர் ஒருவர் ஆய்வின் மீது ஆய்வு கோரினார். கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று குறிப்பில் ஏறியது. அந்தப் பேச்சு முடிவதற்குள் மேசை முழுக்கப் பலகைகள் சுற்றிச் சுற்றி நின்றுபோயின. "பாருங்க, பேசிக்கிட்டே இருக்கோம், விலகிடுச்சு," என்றார் துணை இயக்குநர், ஏதோ விருந்தாளி சொல்லாமல் கிளம்பிவிட்ட மாதிரி.

பிறகு வெளியிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார். கூரான காலணி போட்டிருந்தார். சர்வர் அறைக்குள் அவர் போகவில்லை, அந்த அறையில் அவருக்கு மூச்சு முட்டும். ஒரு பெரிய திரையில் படங்கள் போட்டுக் காட்டினார். முதல் படத்தில் ஒரு மலை, உச்சியில் ஒருவன் கையை விரித்து நிற்கிறான். கடைசிப் படத்திலும் அவனேதான், வேறு மலை. நடுவில் அவர் சொன்னதன் சாரம் இது: இயக்ககம் சர்வரைப் போதுமான அளவு பார்ப்பதில்லை. காலையில் ஒருமுறை திறந்து மூடினால் எப்படி? பலகை தானாகவே நொடிக்கொரு தரம் புதிதாக வேண்டும். ஒவ்வொரு அதிகாரியின் மேசையிலும், கைப்பேசியிலும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"அருமை," என்றார் இயக்குநர். "இதத்தான் நானும் மனசுல நெனச்சேன்."

அந்த மாற்றத்துக்கு மட்டும் ஒப்புதல் குழு தேவைப்படவில்லை. அது ஆலோசனை, மாற்றம் அல்ல.

அன்று முதல் சர்வர் காலையில் விழுந்தது, எழுந்தது, மதியம் விழுந்தது, சாயங்காலம் அதிகாரிகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறும்போதும் விழுந்தது. மருத்துவமனைக் கூடங்களில் ஆட்கள் கவுண்டருக்கும் நாற்காலிக்கும் நடுவில் பந்தாடப்பட்டார்கள். மூன்றாவது முறையாகப் பெயர் கொடுத்திருந்த அம்மாவின் பெயரும் அதில் போயிற்று.

அம்மா இந்தத் தடவை ஏன் என்று கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "டாக்டர் அடுத்த வாரம் வர்றாரு, முந்தின நாள் போய் மறுபடி குடுக்கறேன். மறுநாள் காலையில அவரு பாத்து ஓகே பண்ணணும். அது வரைக்கும் மட்டும் உங்க மெஷின நிக்க வெச்சுக்க முடியுமா? ஒரே ஒரு நாள். எனக்காகன்னு கேக்கல. கூடத்துல எம்பக்கத்துல ஒரு கிழவர் உக்காந்திருக்காரு. அவரு எனக்கும் முன்னாடிலேர்ந்து நடக்கறாரு. என்னையப் பாத்து, உங்க பொண்ணு அங்கதான் வேல பாக்குதாமேன்னு கேட்டாரு. நான் இல்லேன்னுட்டேன்."

கடைசி வார்த்தைதான் அவளைக் குத்தியது. படிக்க வைத்த அம்மா, மகளின் வேலையைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுசு யோசித்தாள். கேள்வியை மாற்றினால் அது மாற்றம், ஒப்புதல் வேண்டும். பலகையை நிறுத்தினால் அது நிறுத்தம். அதற்கும் ஒப்புதல் வேண்டும். ஆனால் பலகைப் பக்கத்தில் படம் போடுவது மட்டும் எந்தக் குழுவின் கீழும் வராது. அது 'அலங்காரம்'. அலங்காரத்துக்கு அவளுக்கு நிரந்தர அனுமதி இருந்தது, இயக்குநரின் பிறந்த நாளுக்கு அந்தப் பக்கத்தில் ரோஜாப் பூ போட்டவளே அவள்தான்.

மருத்துவரின் ஒப்புதல் நாளுக்கு முதல் நாள், கூட்டம் தொடங்குவதற்கு முன், அறையில் யாரும் இல்லாதபோது, ஒரே ஒருத்தியாகப் பலகையைத் திறந்தாள். சர்வர் அப்போதுதான் விழுந்து எழுந்திருந்தது, அதிகாரிகளின் திரைகளில் பலகை இன்னும் திரும்பியிருக்கவில்லை. தனியாளாகக் கேட்டதால் அது முனகிக்கொண்டே பதில் கொடுத்தது. எல்லா வட்டமும் பச்சை. அந்தத் திரையை அப்படியே ஒரு படம் எடுத்தாள். நிலைமைப் பலகை இருந்த முகவரியில், பலகையை எடுத்துவிட்டு, அந்தப் படத்தை வைத்தாள்.

வைத்த பிறகுதான் மூலையில் இருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. கூட்ட நேரத்துக்குச் சற்று முந்தைய நேரத்தில் அது உறைந்து நின்றது. அதை அழிக்கலாமா என்று யோசிப்பதற்குள் கதவு திறந்தது, அதிகாரிகள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

இயக்குநர் வழக்கம்போல் நேரம் கழித்து வந்தார். செருமினார். எல்லாரும் தட்டினார்கள். பலகை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. முன்பெல்லாம் ஒரு காபி குடித்து முடிக்கும் நேரம் ஆகும்.

"அடேங்கப்பா," என்றார் பராமரிப்பு அதிகாரி. "ஏசிய திருப்பி வெச்சது வேலை செய்யுது."

யாரோ ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "சார், டைம் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

இயக்குநரும் பார்த்தார். பலகையின்படி கூட்டம் தொடங்கும் நேரமே இன்னும் ஆகவில்லை. அதாவது அவர் முன்கூட்டியே வந்திருக்கிறார். பணிக்காலத்தில் முதல் முறை.

"எது சரி?" என்றார்.

துணை இயக்குநர் ஒரு நொடி யோசித்தார். அவர் எப்படித் துணை இயக்குநரானார் என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்தது. "பலகைதான் சார் நம்ம அதிகாரபூர்வமான நேரம். சுவர்ல இருக்கறது கடையில வாங்கினது. வேகமா ஓடுது. கழட்டச் சொல்லிடறேன்."

சுவர்க் கடிகாரம் கழற்றப்பட்டது. குறிப்பு எடுக்கும் அம்மாள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், புதுசைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுதினார்: 'கூட்டம் உரிய நேரத்துக்கு முன்பே தொடங்கியது.'

மறுநாள் மருத்துவர் ஒப்புதல் தந்தார். அம்மாவின் பெயர் நிரந்தரப் பதிவில் ஏறியது. அந்தக் கிழவரின் பெயரும். ஒரே நாளைக்கு என்று வைத்த படத்தை எடுத்துவிட வேண்டும் என்று புதுசு நினைத்தாள். வரிசையைத் திறந்து பார்த்தாள். ஒப்புதலுக்குத் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் கொத்துக் கொத்தாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். படத்தைத் தொடாமல், திறந்ததை மூடினாள். அவளுக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை. பசிதான் வந்தது. போய் நன்றாகச் சாப்பிட்டாள்.

சர்வர் விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. அதற்கடுத்த வாரமும். அதிகாரிகள் முதலில் மகிழ்ந்தார்கள், பிறகு சலித்தார்கள், பிறகு பயந்தார்கள். விலகல் இல்லாத விலகல் ஆய்வுக் குழு எதற்கு என்று மேலிடத்தில் யாரோ கேட்டுவிட்டார்களாம். அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் அவசரக் கூட்டம் கூடியது.

"இது நின்னிருக்கு," என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "நல்ல விஷயம்தான். ஆனா நம்ம அனுமதி இல்லாம நின்னிருக்கு. நாம எந்த நடவடிக்கை எடுத்ததால நின்னுச்சுன்னு கோப்புல இல்ல. காரணமில்லாம நின்னா, நாளைக்கு நாம இல்லாமயே நிக்கும்னு ஆகிடும். அது ஆபத்தான முன்னுதாரணம்."

'விலகாமைக்கான காரணம் அறியும் குழு' அங்கேயே பிறந்தது. பழைய உறுப்பினர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

"சார், பலகைய ஆழமாப் பாக்கலாம்," என்றார் தர அதிகாரி. "வட்டத்தத் தொட்டா உள்ள விவரம் வரும். நான் தொடறேன், வரமாட்டேங்குது."

படத்தைத் தொட்டால் என்ன வரும்? இன்றைக்கு மாட்டினால் உடனே பழைய பலகையை எடுத்து மாட்டச் சொல்வார்கள். நாளைக்கு அம்மாவைப் படுக்க வைக்கும் நேரத்தில் மருத்துவமனையின் கணினிகள் கைவிரிக்கும், வேறு தேதி வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள்.

"என்னம்மா, ஏன் வரல?" என்றார் இயக்குநர்.

"சார்..." பிறகு, அந்த அறையில் இத்தனை நாள் கேட்ட பாஷை அவள் வாயில் தானாக வந்தது. "எல்லாம் பச்சையா இருக்கறப்ப விவரம் வராது சார். பிரச்சினை இருந்தாத்தான் விவரம் இருக்கும். நிலைத்தன்மை அந்த அளவுக்கு ஆழமாப் போயிடுச்சு."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "எழுதிக்குங்க," என்றார் குறிப்பு அம்மாளிடம். "நிலைத்தன்மை ஆழமாகப் போயிருக்கிறது. இது நான் சொன்னதா இருக்கட்டும்."

துணை இயக்குநர் எழுந்து பலகையை விரலால் சுட்டினார். "எண்கள் எல்லாம் பாருங்க சார். நேத்து என்ன இருந்துச்சோ அதேதான். போன வாரம் என்னவோ அதேதான். ஒரு புள்ளி ஆடல, அசையல. இந்த மாதிரி ஒரு நிலைத்தன்மைய என் சர்வீஸ்ல பாத்ததில்ல."

"கடிகாரம்கூட!" என்றார் பராமரிப்பு அதிகாரி, உணர்ச்சிவசப்பட்டு.

யாரும் அவரைத் திருத்தவில்லை. அந்த அறையில் இப்போது எல்லாரும் எல்லாக் கூட்டத்துக்கும் நேரத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

"இதை நாம மட்டும் பாத்துக்கிட்டிருக்கறது சுயநலம்," என்றார் இயக்குநர். "மக்களும் பாக்கட்டும். எல்லா ஆஸ்பத்திரிக் கூடத்துலயும் இந்தப் பலகைய பெரிசா மாட்டுங்க. இன்னிக்கே."

அன்று சாயங்காலமே மாட்டினார்கள். அந்த இயக்ககம் அவ்வளவு வேகமாகச் செய்து முடித்த வேலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாள் அம்மாவுக்கு ஒரு கண் முடிந்தது. அதற்கடுத்த நாள் கட்டைப் பிரித்தார்கள். செவிலியர் சொட்டு மருந்தை எப்படி விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார். அந்தக் கிழவர் இரண்டு நாற்காலி தள்ளி, கண்ணில் மூடியோடு உட்கார்ந்திருந்தார்.

அம்மா மகளைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். "இளைச்சுப் போயிட்டியேடி. காலர்ல பிசிறு தொங்குது பாரு," என்று கைநீட்டி நூலை அறுத்தாள். பிறகு கூடத்தைச் சுற்றிலும் பார்த்தாள், கவுண்டரை, அங்கே மெல்ல நகர்ந்துகொண்டிருந்த ஆட்களை, எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்குப் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்த பலகையை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இது உங்க ஆபீஸ் போர்டா?"

"ஆமாம்மா."

"அந்தக் கடிகாரம் நின்னுபோயிருக்கே."

புதுசு சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெதுவாப் பேசும்மா."

"அது எப்படிடி, நான் வந்து உக்காந்து இத்தன நேரம் ஆச்சு, முள்ளு அசையவே இல்ல. உங்க ஆபீஸ்ல ஒருத்தரும் பாக்கலியா?"

"பாக்கறாங்கம்மா. தினமும் காலையில எல்லாரும் உக்காந்து, அததான் பாக்கறாங்க."

அம்மா கட்டுப் பிரித்த கண்ணால் பலகையை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு கவுண்டர் பக்கம் தலையை ஆட்டினாள்.

"அப்ப அவங்க பேரையும் இங்க குடுத்து வை," என்றாள். "வரிசைதான் இப்ப நகருதே."